புளி போட்டு விளக்கிய துவக்கு

வலன்ரைனுக்கு ஏலம் என்றால் உயிர். மன்னாரில் மீன் ஏலத்தைத் தவிர வேறோர் ஏலத்தைக் கண்ணால் காணாத மனிதன் பாரிசுக்கு வந்து இப்படிப் பித்துப் பிடித்து அலைவான் என்று அவனைப் பெற்றவர்கள்கூட நினைத்திருக்க மாட்டார்கள். எல்லாம் ஒரு மழை நாளில் தொடங்கியது. உணவகம் ஒன்றின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவிவிட்டு வந்துகொண்டிருந்தவன், நனையாமல் நிற்பதற்காக ஏலக்கூடம் ஒன்றுக்குள் ஒதுங்கினான். உள்ளே சூடு இருந்தது, இருப்பதற்குக் கதிரை இருந்தது, உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை. பாரிசில் வெளிநாட்டுக்காரன் ஒருவனுக்கு இவையெல்லாம் ஒரே இடத்தில் வாய்ப்பது லேசுப்பட்ட காரியமல்ல. அன்று முதல், லீவு நாளென்றால் ஆளை அங்கேதான் பிடிக்கலாம்.

அங்கேதான் அவனுக்கு முசியு அந்துவானின் பழக்கம் கிடைத்தது. அந்துவான் பழைய ஆயுதங்களை வாங்கி விற்பவர். கட்டையான மனிதர். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே அதைத் தேடித் திரிவார். ஒருநாள் அவர் ஏலத்தில் எடுத்த வாள்பெட்டியைத் தூக்க ஆளில்லாமல் வாசலில் நின்று உலகத்தையே திட்டிக்கொண்டிருந்தார். வலன்ரைன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவருடைய கடைவரைக்கும் நடந்தான். சுவர் முழுக்கத் தொங்கிய துவக்குகளைக் கண்டதும் அவனுக்குத் திரும்பிப் போக மனம் வரவில்லை. அந்துவானும் போகச் சொல்லவில்லை. தன் பேச்சைக் கேட்க ஆள் கிடைத்தால் எந்தக் கடைக்காரன் விடுவான்?

அந்துவானுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு துவக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, இது இன்ன அரசன் காலத்தது, இன்ன சண்டையில் வெடித்தது என்று தொடங்கினால் கையைக் காட்டி மறித்துவிடுவார்.

"அதெல்லாம் பிறகு. இதில் என்ன பிழை? முதலில் அதைச் சொல்லுங்கள்" என்பார்.

தன் சாமானில் பிழை சொல்லத் தெரியாதவனுக்குச் சாமான் பார்க்கத் தெரியாது என்பது அவருடைய கட்சி. யாரும் பார்க்காத இடத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பார். விசைப்பூட்டைக் கழற்றி அதன் அடியில் உள்ள மரத்தைப் பார்ப்பார். திருகாணியின் வெட்டு கையால் அராவியதா, இயந்திரம் போட்டதா என்று பார்ப்பார். வெடிமருந்து பற்றுகிற துளையைச் சுற்றி நெருப்பு அரித்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாக, உலோகத்தில் படிந்திருக்கும் கறுப்பைப் பார்ப்பார். பிரெஞ்சுக்காரர் அதைப் 'பத்தின்' என்பார்கள். காற்றும் எண்ணெயும் கைவியர்வையும் தலைமுறை தலைமுறையாக ஏற்றிவைத்த நிறம் அது. அதைச் சுரண்டி எடுக்கிறவனைச் சிறையில் போட வேண்டும் என்பது அந்துவானின் தாழ்மையான அபிப்பிராயம்.

எண்பத்தைந்தாம் ஆண்டு இலைகள் கொட்டத் தொடங்கிய காலத்தில், அந்துவானிடம் வேலை செய்த ஆள் கலியாணம் முடித்து லியோனுக்குப் போய்விட்டான். அந்துவான் வலன்ரைனைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்.

"வெள்ளிக்கிழமை ஏலத்துக்கு என் பெயரில் நீ போ. ஒரேயொரு சாமானுக்குக் கையை உயர்த்து. என்னிடம் எதுவும் கேட்காதே. திங்கட்கிழமை கொண்டுவந்து காட்டு. அது அசல் என்றால் இந்த வேலை உனக்கு. போலி என்றால் நாங்கள் பழையபடி நண்பர்கள்."

பகல் வேலை, ஞாயிறு லீவு, ஒழுங்கான ஒப்பந்தம். நீராவியும் சமையற்காரனின் கத்தலும் இல்லாத வேலை. வலன்ரைனின் கைவிரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போய் வருடக்கணக்கு. பணத்தைவிட, பிடித்த வேலையைப் பிடித்த இடத்தில் நின்று செய்யலாம் என்ற நினைப்பே அவனுக்குப் பெரிதாக இருந்தது. வியாழன் முழுக்க மனம் கோப்பையில் நிற்கவில்லை, மூன்றோ நாலோ உடைந்தன.

வெள்ளிக்கிழமை ஏலக்கூடத்து மேசையில் கைத்துவக்குகள் வரிசையாகக் கிடந்தன. தந்தப் பிடி வைத்தது, வெள்ளிப்பூ இழைத்தது என்று எல்லோரும் மொய்த்த சாமான்களை அவனும் பார்த்தான். வெள்ளிப்பூ இழைத்ததன் மரத்தில் பூட்டுக்கு அடியில் புதுப் பலகையின் மணம் இருந்தது. ஓரமாக ஒன்று தனியே கிடந்தது. பித்தளைக் குழல், வால்நட் கட்டை, கப்பற்காரர் இடுப்பில் செருகுகிற வகை. கரி பிடித்த சட்டியின் அடியைப் போலக் கறுத்துப்போயிருந்தது. துளையைச் சுற்றி நெருப்பு நன்றாகவே தின்றிருந்தது. பிடியில் பெருவிரல் படுகிற இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. எவனோ ஒருவன் பல காலம் பிடித்த பிடி அது. வலன்ரைன் தன் பெருவிரலை அங்கே வைத்துப் பார்த்தான். அவ்வளவுதான், ஏலம் கேட்கும்போது அவனுடைய கை தானாகவே உயர்ந்தது.

அவனுடைய வீடு ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில், ஒரு மளிகைக்கடைக்கு மேலே. கடையில் கருவாட்டுப் பெட்டி திறந்தால் வீட்டில் மூக்கைப் பொத்த வேண்டும். பொட்டலத்தைப் பிரித்ததும் மனைவி இம்மாகுலேற் இரண்டடி பின்னால் போனாள்.

"அங்கை துவக்குக்குப் பயந்துதான் கடல் தாண்டி இஞ்சை வந்து கிடக்கிறம். நீங்கள் என்னெண்டால் கையை உயத்தித் துவக்கு வாங்கிக்கொண்டு வாறியள். தலையிலை ஏதும் தட்டிப்போட்டுதோ?"

"இது வெடிக்காது இம்மா. இருநூறு வரியத்துக்கு முந்தினது. கப்பல்காரன்ரை."

"வெடிக்காட்டி என்னத்துக்கு?"

"அதின்ரை வயசுக்குத்தான் மதிப்பு."

"அப்ப நானும் கொஞ்சக் காலம் பொறுக்கிறன். பிறகு என்னையும் கொண்டுபோய் ஏலத்திலை விடுங்கோ."

வலன்ரைன் சிரித்துக்கொண்டு துவக்கை மாதா படத்துக்குக் கீழே, மெழுகுவர்த்தித் தண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தான். "திங்கக்கிழமை முசியுவுக்கு இதைக் காட்டினனெண்டால் வேலை கையிலை" என்று மட்டும் சொன்னான். வினை அந்த ஒரு வசனத்தில்தான் வந்தது. இதைத் தொடாதே, துடைக்காதே என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம். ஏலத்தில் வாயை மூடிப் பழகியவன் வீட்டிலும் மூடிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மத்தியான வேலை. இம்மாகுலேற் காலைப் பூசை கண்டுவிட்டு வந்தாள். மாதா படத்துக்குக் கீழே அந்தக் கறுத்த சாமான் கிடந்தது. நத்தார்ப் பண்டிகைக்கும் திருநாளுக்கும் பெண்பார்க்க ஆட்கள் வருகிற நாளுக்கும் வீட்டுப் பித்தளை முழுவதையும் இறக்கிப் புளி போட்டு விளக்குகிற வீட்டில் பிறந்தவள் அவள். நாளைக்கு மனுசன் வேலை கேட்டு ஒரு பெரிய மனிதரிடம் போகிறான், கொண்டுபோகிற சாமானோ இந்த ஊத்தையில் இருக்கிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியுமா? துவக்கைத் தொடப் பயமாகத்தான் கிடந்தது. முதலில் ஒரு விரலால் தொட்டாள். பிறகு மெழுகுவர்த்தித் தண்டுகளோடு சேர்த்துக் குசினித் தொட்டிக்குள் இறக்கினாள். கீழ்க்கடைப் பழப்புளியும் கல்லுப்பும் தும்பும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க அதுவும் ஒரு பித்தளைச் சாமானாகிவிட்டது, அவளுக்குப் பயமும் போய்விட்டது. மரத்தில் தண்ணீர் படாமல் சுற்றித் துணி கட்டுகிற கவனம்கூட அவளுக்கு இருந்தது.

வலன்ரைன் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தான். வெள்ளைப் பின்னல் துணி விரித்து, அதன் நடுவில் துவக்கு வைக்கப்பட்டிருந்தது. குழல் கலியாண வீட்டுக் குத்துவிளக்குப் போல மின்னியது.

"எப்பிடி?" என்றாள் இம்மாகுலேற். "முந்திக் கண்டவைக்கு இப்ப அடையாளம் தெரியுமே? என்ன ஊத்தை! திருப்பித் திருப்பிப் புளி போட்டனான், தெரியுமோ?"

வலன்ரைன் அப்படியே கதிரையில் குந்திவிட்டான். அவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் புளியிலும் உப்பிலும் வெடித்த விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பெண்ணிடம் என்ன சொல்லுவது?

"நல்லாக் கிடக்கு" என்றான்.

அதைச் சொல்லிவிட்டுத் துவக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, ஒருவருக்குக் காட்டிப்போட்டு வாறன் என்று படியிறங்கினான். நேரே போனது ரூ பெர்தொனேயில் உள்ள குலசேகரத்தின் நகைக்கடைக்கு. ஞாயிற்றுக்கிழமைதான் தமிழாட்களுக்குக் கடைத்தெரு என்பதால் குலசேகரம் அன்று பூட்டுவதில்லை. விசயத்தைக் கேட்டதும் அவர் கல்லாப்பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"உதுக்கோ உப்பிடி முழிசுறாய்? புதுச் சங்கிலியைக் கொண்டுவந்து பழஞ்சங்கிலி ஆக்கித் தாங்கோ எண்டு என்னட்டை எத்தினை பேர் வருகினம் தெரியுமே? மருமகளுக்குப் போடேக்கை, இது என்ரை அம்மான்ரை எண்டு சொல்லோணுமாம்."

"இது அப்பிடியில்லை அண்ணை. துவக்கு நல்ல துவக்கு. அசல் சாமான்."

"பிறகென்ன? அதிலை கிடந்த கறுப்பைத்தானே திரும்ப வைக்கப்போறம். உதிலை என்ன களவு?"

அவர் சொல்லும்போது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் வலன்ரைனுக்குப் பிடிக்கவில்லை. நல்ல துவக்கை நல்ல துவக்கென்று நம்பவைக்கக் கள்ளவேலை செய்ய வேண்டிவந்த தன் விதியை நொந்துகொண்டு தலையை ஆட்டினான். குலசேகரம் பின்னறைக்குப் போனார். நவச்சாரமும் கந்தகமும், இன்னும் அவர் பெயர் சொல்லாத ஏதோ ஒன்றும் சேர்ந்த நாற்றம் எழும்பியது. பக்கத்துக் கடையில் வாங்கிய தேநீரை வலன்ரைன் குடித்து முடிக்கவில்லை, துவக்கு வந்துவிட்டது. தேங்காயெண்ணெய் தொட்டு ஒருதரம் துடைத்துவிட்டுக் கையில் கொடுத்தார். முன்பிருந்ததைவிட ஒருபடி மேலாகவே கறுத்திருந்தது.

திங்கட்கிழமை காலையில், இம்மாகுலேற் கண்ணில் படாமல் பொட்டலத்தோடேயே கொண்டுபோய் அந்துவானின் மேசையில் வைத்தான். அந்துவான் கண்ணாடியைத் தேடி, கழுத்தில் கண்டுபிடித்து, போட்டுக்கொண்டார்.

"என்ன பிழை?"

"துப்புரவுக் கம்பி பின்னால் செய்தது. பூட்டில் ஒரு திருகாணி புதிது. கட்டையின் அடியில் ஒரு வெடிப்பு, யாரோ ஒட்டியிருக்கிறார்கள்."

"குழல்?"

"குழல் அந்தக் காலத்தது" என்றான் வலன்ரைன். பொய் சொல்லவில்லை. ஆனாலும் காது சூடாகியது.

அந்துவான் பூட்டைக் கழற்றினார், மரத்தை மணந்தார், துளையைப் பார்த்தார், பிடியின் தேய்வில் தன் பெருவிரலை வைத்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்துகொண்டு வந்தது. கடைசியாகக் குழலை உள்ளங்கையால் தடவினார்.

"இந்தக் கறுப்பைப் பார். எவனாலும் இதைச் செய்ய முடியாது, காலம் மட்டுந்தான் செய்யும். உனக்குக் கண் இருக்கிறது, வலன்ரைன். வருகிற திங்கள் ஒன்பது மணிக்கு வா."

அவர் அலுமாரியிலிருந்து சின்னக் கிண்ணங்கள் எடுத்து வைன் ஊற்றினார். வலன்ரைன் வாங்கினான். இத்தனை நாள் கனவு கண்ட நிமிடம் இதுதான். ஒரு வாய்கூடக் குடிக்காமல் கிண்ணத்தை மேசையில் வைத்தான்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கதவு மணி அடித்தது. மூச்சு வாங்க வாங்க இம்மாகுலேற் நின்றாள். கையில் அவனுடைய றெசெப்பிசே, பிரான்சில் இருக்கலாம் என்று பொலிஸ் கொடுத்த கடதாசி.

"மற்றக் காற்சட்டைக்குள்ளை விட்டிட்டு வந்திட்டியள்! வழியிலை பொலிஸ் மறிச்சிருந்தால்? பையிலை துவக்கு, கையிலை பேப்பர் இல்லை! ஓட்டமா ஓடி வாறன்." பிறகு மரியாதை நினைவு வந்து, "போன்ஜூர் முசியு" என்றாள்.

அப்போதுதான் மேசையில் கிடந்த துவக்கு அவள் கண்ணில் பட்டது.

"இதென்ன கோலம்? நேற்றுத்தானே நான் புளி போட்டுப் பளபளவெண்டு விளக்கித் தந்தனான்? ஆர் இதைத் திரும்பக் கரியாக்கினது?"

"மதாம் என்ன சொல்கிறார்?" என்று அந்துவான் ஆவலோடு கேட்டார்.

"துவக்கு அழகாக இருக்கிறதாம்" என்றான் வலன்ரைன்.

அந்துவான் எழுந்து, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, "மெர்சி, மதாம்" என்றார்.

இம்மாகுலேற் திகைத்துப்போனாள். "என்னப்பா, நான் ஏசுறன், அந்தாள் நன்றி சொல்லுது?" என்றவள் கைலேஞ்சித் துணியை எடுத்தாள். "இஞ்சை தாங்கோ, நான் இப்பவே தேச்சுக் காட்டுறன்."

அவள் துவக்கை நோக்கிக் கையை நீட்ட, அந்துவான் ஐயோவென்று பாய, வலன்ரைன் அவளுடைய கையைப் பிடித்தான். வெடித்த விரல்கள் அவன் உள்ளங்கையில் சொரசொரத்தன. இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் கிண்ணத்தோடு நிற்கிற மனிதர். இருவரும் அவன் சொன்னதை அப்படியே நம்பினார்கள். இரண்டு பேரையும் ஒரே வாயால் ஏமாற்றிக்கொண்டு நடுவில் நிற்பது அவனுக்கே அருவருப்பாக இருந்தது. நாளைக்கு இதே மேசையில் நின்று ஊரார் சாமானில் பிழை சொல்லப் போகிறவன் அவன்தான்.

"முசியு, என்ன பிழை என்று கேட்டீர்கள். நான் ஒன்றை விட்டுவிட்டேன்" என்றான். "இந்தக் கறுப்பு நேற்றுப் பூசியது. உண்மையான கறுப்பு போய்விட்டது. என் மனைவி எனக்கு நல்லது நினைத்து விளக்கிவிட்டாள், அவளுக்குத் தெரியாது. நகைக்கடைக்காரர் ஒருவரைக் கொண்டு பூசுவித்தது நான். இப்போது இவள் கேட்டதும் அழகாக இருக்கிறது என்றல்ல, யார் இதைக் கரியாக்கினது என்று."

அந்துவான் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணியின் முனையை ஏதோ ஒரு சீசாவில் நனைத்துக் குழலின் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தார். கறுப்புக்குள்ளிருந்து பித்தளை பளிச்சென்று சிரித்தது.

"எவ்வளவு நேரம் பிடித்தது?"

"ஒரு தேநீர் குடிக்கிற நேரம்."

"ஒரு தேநீர்" என்றார் அந்துவான். "நான் அதைக் காலம் என்றேன்."

அவர் கதிரையில் இருந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் இம்மாகுலேற்றுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அதாவது, அவளாக ஒன்றை விளங்கிக்கொண்டாள். வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதுதான் அது. தன் மனுசனின் கண் கலங்கியிருப்பதையும் கண்டாள். அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்துவானைப் பார்த்து நல்ல மன்னார்த் தமிழில் தொடங்கினாள்.

"இஞ்சை பாருங்கோ முசியு, துவக்கு கறுப்போ வெள்ளையோ எனக்குத் தெரியாது. இந்த மனுசன் லீவு நாளெல்லாம் உங்கடை பெட்டியளைத் தூக்கினது. நித்திரையிலையும் உங்கடை துவக்குக் கதைதான். இப்பிடி ஒருத்தரை விட்டிட்டியளெண்டால் பாரிஸ் முழுக்கத் தேடினாலும் உங்களுக்கு வேறை ஆள் கிடைக்காது. எழும்புங்கோப்பா, போவம். இது இல்லாட்டி இன்னொண்டு."

அந்துவான் கைகளை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "இப்போது என்ன சொல்கிறார்? சரியாகச் சொல்."

வலன்ரைன் சரியாகவே சொன்னான். லீவு நாள், பெட்டி, நித்திரை எல்லாவற்றையும் சொன்னான். வேறு ஆள் கிடைக்காது என்ற இடத்தில் வெட்கமாக இருந்தது, ஆனாலும் விடவில்லை.

அந்துவான் துவக்கைக் கையில் எடுத்துப் பெருவிரல் தேய்வைத் தடவிக்கொண்டிருந்தார். "என்னிடம் வருகிற எல்லோருமே தங்களுக்கு நட்டம் வராத பிழையைத்தான் சொல்வார்கள்" என்றார். "துவக்கு அசல். உன் கண்ணில் பிழையில்லை. என் கண்ணைத்தான் ஒரு நகைக்கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், அவனை நான் ஒருநாள் பார்க்க வேண்டும். மதாம் சொல்வது சரி, வேறு ஆள் கிடைக்காதென்று எனக்கும் தெரியும். திங்கள், ஒன்பது மணி. இதை அவருக்குச் சொல்."

வலன்ரைன் அவளுக்குச் சொன்னான். இம்மாகுலேற் அவனை ஒருதரம் பார்த்தாள், அந்துவானை ஒருதரம் பார்த்தாள், திரும்பவும் அவனைப் பார்த்தாள்.

"அந்தாள் சொன்னதைத்தான் சொல்லுறியளோ?"

"ஓம்" என்றான் வலன்ரைன். அந்த இரண்டு நாளிலும் அவன் பேசிய பேச்சுகளில் இந்த ஒன்றைச் சொல்லத்தான் சுகமாக இருந்தது.